ஏழு மாதம் நிறைந்தபின்: கர்ப்பிணியின் உடலும் கடமையும்



வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது என்றால் சுற்றத்தாரின் பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருக்கும். எப்போது தாய் வீட்டுக்கு அழைப்பது, என்ன பலகாரம் செய்வது, பிள்ளைக்கு யார் பெயரை வைப்பது என்று உம்மாவும் மாமியும் கூடிக் கூடிப் பேசுவார்கள். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவைதாம். ஆனால் அதே வீட்டில் இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. இந்தப் பெண் இனி எப்படித் தொழுவாள், எப்படி நோன்பு வைப்பாள் என்பது ஒன்று. நள்ளிரவில் ஆபத்து வந்தால் யார் முடிவெடுப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்பது மற்றொன்று.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. மார்க்கம் கர்ப்பிணிக்குக் கொடுத்திருக்கும் சலுகைகளைப் பக்திக் குறைவு என்று எண்ணிப் பயன்படுத்தாமல் விடுகிறோம். உடல் காட்டும் அபாய அறிகுறிகளை "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்று ஒதுக்குகிறோம். இரண்டு தவறுகளுக்கும் அறியாமையே காரணம். ஆகவே இப்பாடத்தில் ஏழு மாதம் நிறைந்தபின் எதிர்பார்க்க வேண்டியவை எவை, அஞ்ச வேண்டியவை எவை, அப்போது மார்க்கக் கடமைகள் எவ்வாறு இலேசாகின்றன என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

கணக்கு எப்படி?

கர்ப்பக் காலத்தை மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் முடியும் நாளே பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் நாளாகும். 28 நாட்களை ஒரு மாதமாகக் கொண்டால் 280 நாட்கள் சரியாகப் பத்து மாதங்கள். நம் பாட்டிமார் "பத்து மாதம் சுமந்தாள்" என்று சொல்வது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. பிறைக் கணக்கில் பார்த்தால் மாதத்துக்கு 29 அல்லது 30 நாட்கள் என்பதால் அதே காலம் ஒன்பதரை மாதங்களாகும். ஆங்கில மாதக் கணக்கில் ஒன்பது மாதமும் ஏழு நாளும்.

கர்ப்பத்தின் மூன்றாம் பருவம் 28-ஆம் வாரத்தில் தொடங்குகிறது. 28 நாள் கணக்கில் அது சரியாக ஏழு மாதம் நிறையும் நாள். கணக்கில் குழப்பம் வந்தால் மருந்து, பரிசோதனை எல்லாமே பிசகும். எனவே கடைசி மாதவிடாயின் முதல் நாளை, பிறைத் தேதியானாலும் ஆங்கிலத் தேதியானாலும், மருத்துவச் சீட்டில் எழுதி வையுங்கள். ஆரம்ப மாதங்களில் எடுத்த ஸ்கேன் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நாள் மறந்துபோனவர்களுக்கு அந்த முதல் ஸ்கேன்தான் சரியான கணக்கைத் தரும்.

பிள்ளையின் நிலையும் தாயின் நிலையும்

28 வாரம் நிறைந்த பிள்ளை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. கண் திறந்து மூடும். வெளிச் சப்தங்களைக் கேட்கும். வீட்டில் ஓதும் ஓசையும் உம்மாவின் குரலும் அதற்கு எட்டுகின்றன. ஆனால் நுரையீரல் இன்னும் முழுமை பெறவில்லை. இப்போதே பிறந்துவிட்டால் நவீன வசதியுள்ள மருத்துவமனையில் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வசதியில்லாத இடத்தில் பிறந்தால் மூச்சுக்குத் திணறும். இனி வரும் பன்னிரண்டு வாரங்களில்தான் பிள்ளை மூன்று கிலோ அளவுக்கு வளர்கிறது. அந்த வளர்ச்சியின் சுமை முழுவதையும் தாங்குபவள் தாய். தாய் பலவீனத்தின் மேல் பலவீனமுற்றுச் சுமப்பதை லுக்மான் அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துக் கூறுவதை நாம் அறிவோம்.

அந்தப் பலவீனம் எப்படியெல்லாம் வெளிப்படும்? கருப்பை மேலெழும்பி மார்புக் கூட்டைத் தள்ளுவதால் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். உணவு மேலே வந்து நெஞ்சு கரிக்கும். முதுகும் இடுப்பும் வலிக்கும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மலச்சிக்கலும் மூலமும் தோன்றலாம். அடிக்கடி சிறுநீர் வரும். இருமினாலும் தும்மினாலும் ஓரிரு சொட்டு கசியவும் கூடும். மாலையில் கால் வீங்கி, இரவில் காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வடிந்துவிடும். அவ்வப்போது வயிறு கல்லைப்போல் இறுகிச் சற்று நேரத்தில் தளரும். ஒழுங்கில்லாமல் வந்து, ஓய்வெடுத்தால் நின்றுவிடும் இந்த இறுக்கத்தைப் பொய்வலி என்பார்கள். இவை அனைத்தும் இயல்பானவை, அச்சம் வேண்டியதில்லை.

படுக்கும் முறையைப் பற்றி ஒரு சந்தேகம் நம் பெண்களுக்கு உண்டு. வலப்பக்கம் சாய்ந்து உறங்குவது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. மருத்துவமனையிலோ இடப்பக்கம் படுக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது என்று கேட்கிறார்கள். 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து உறங்கக் கூடாது என்பதே முக்கியம். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்திப் பிள்ளைக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. பக்கவாட்டில் உறங்குவதில் வலம், இடம் இரண்டுமே பாதுகாப்பானவை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சுன்னத்தைப் பேணி வலப்பக்கம் படுக்க விரும்பும் சகோதரி தாராளமாகப் படுக்கலாம். மருத்துவர் ஒரு தனிக் காரணத்துக்காக இடப்பக்கம் படுக்கச் சொன்னால் அதைக் கேளுங்கள். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம். விழித்ததும் சாய்ந்துகொண்டால் போதும்.

தொழுகை

பர்ளான தொழுகையில் நிற்க முடிந்தவர் நிற்பது கடமை. முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் பக்கவாட்டில் படுத்தும் தொழலாம். மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இவ்வாறே வழிகாட்டியதைப் புகாரீ ஷரீஃபில் காண்கிறோம். கர்ப்பிணிக்கும் இதுவே அடிப்படை.

"முடியாதவர்" என்றால் கீழே விழும்வரை நிற்க வேண்டும் என்பது பொருளல்ல. நிற்பதால் தலை சுற்றுகிறது, தாங்க முடியாத இடுப்பு வலி வருகிறது, தொழுகையில் மனம் ஒன்ற முடியாத அளவுக்குச் சிரமம் உண்டாகிறது, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என மருத்துவர் எச்சரித்திருக்கிறார் என்றால் உட்கார்ந்து தொழ அனுமதி உண்டு. சுன்னத்தான, நஃபிலான தொழுகைகளை எந்தக் காரணமும் இன்றியே உட்கார்ந்து தொழலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வயிறு பெருத்தபின் பலருக்கு நிற்பது எளிது, ஸஜ்தாவே கடினம். குனிந்தால் நெஞ்சு கரிக்கிறது, மூச்சு முட்டுகிறது, எழுந்திருக்கையில் தடுமாறுகிறது. இவர்கள் ஸஜ்தாவைச் சைகையால் நிறைவேற்றலாம். ருகூவுக்குச் சிறிது குனிந்து, ஸஜ்தாவுக்கு அதைவிடச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். தலையணையையோ பலகையையோ நெற்றிக்கு உயர்த்திப் பிடிக்கத் தேவையில்லை. நிற்பதைப் பொறுத்தவரை இரண்டு மத்ஹபுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஷாஃபியீ மத்ஹபில், ஸஜ்தா செய்ய முடியாவிட்டாலும் நிற்க முடிந்தவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பின்னர் உட்கார்ந்து சைகை செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில், ஸஜ்தா செய்ய இயலாதவர் தொழுகை முழுவதையும் உட்கார்ந்தே சைகையால் தொழலாம். அவரவர் மத்ஹபின்படி நடந்துகொள்ளுங்கள்.

நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்கள், பின்னால் சுவரில் சாய்ந்த, வழுக்காத நாற்காலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்துத் தொழ வேண்டிய நிலை வந்தால் கிப்லாவை நோக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து தொழுவது மார்க்கத்திலும் உள்ளது. மல்லாந்து படுக்கக் கூடாது என்ற மருத்துவ அறிவுரைக்கும் அதுவே பொருந்துகிறது.

ஒளுச் செய்யும்போது குனிந்து கால் கழுவ முடியாதவர் முக்காலியில் உட்கார்ந்து செய்யலாம். மகளோ நாத்தனாரோ தண்ணீர் ஊற்றி உதவலாம். குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் வழுக்கும். பிள்ளைத்தாய்ச்சி விழுவது விளையாட்டல்ல. ஒளுச் செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திக் கொடுப்பது வீட்டு ஆண்களின் வேலை. சிறுநீர் ஓரிரு சொட்டு கசிந்தால் ஒளு முறிந்துவிடும். சுத்தம் செய்து மீண்டும் ஒளுச் செய்ய வேண்டும். ஒரு தொழுகையை முடிக்கும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் கசிந்துகொண்டே இருந்தால், நேரம் வந்தபின் துணி வைத்துக் கட்டி ஒளுச் செய்து தொழலாம். இடையே கசிந்தாலும் தொழுகை செல்லும்.

உட்கார்ந்து தொழுதால் நன்மை குறைந்துவிடுமோ என்று கலங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நோயினாலோ பயணத்தினாலோ ஒருவர் வழக்கமாகச் செய்யும் அமலைச் செய்ய முடியாமல் போனால், ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது செய்த அளவுக்கே அவருக்கு எழுதப்படும் என்பது ஆதாரப்பூர்வமான ஹதீஸின் கருத்து. கொடுப்பவன் தாராளமாகக் கொடுக்கும்போது வாங்குபவர் தயங்குவானேன்?

நோன்பு

ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் நகர்வதால், ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ பெண்களின் ஏழாம், எட்டாம் மாதங்கள் ரமளானில் வந்து விழுகின்றன. நம் நாட்டில் ஸஹரிலிருந்து இஃப்தார்வரை ஏறத்தாழப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தண்ணீரும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பை விடச் சலுகை இருப்பதை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. தனக்கோ, தனக்கும் பிள்ளைக்குமோ தீங்கு வரும் என அஞ்சி நோன்பை விட்டவர், பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்கு மட்டும் தீங்கு வரும் என்று அஞ்சி விட்டவர், ஷாஃபியீ மத்ஹபின்படி களாவுடன் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து அளவு தானியத்தை ஃபித்யாவாக ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் எந்த அச்சத்துக்காக விட்டிருந்தாலும் களா மட்டுமே கடமை. பிள்ளை பிறந்தபின் பாலூட்டுவதால் அடுத்த ரமளான்வரை களாச் செய்ய முடியாமல் போனால் அதுவும் ஏற்கத்தக்க காரணமே.

யார் நோன்பை விட வேண்டும்? சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர், இரத்த அழுத்தம் உயர்ந்தவர், இரத்தம் மிகக் குறைந்தவர், பிள்ளையின் வளர்ச்சி குறைவு என்று சொல்லப்பட்டவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைப்பது தகாது. ஆரோக்கியமான பெண் நோன்பு வைத்திருக்கையில் தலை சுற்றினாலும், சிறுநீர் மிகவும் மஞ்சளாகிக் குறைந்தாலும், வயிறு விடாமல் இறுகினாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். "இன்னும் ஒரு மணி நேரம்தானே, பாங்கு சொல்லிவிடுவார்கள்" என்று சுற்றியிருப்பவர்கள் தடுக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தைப் பின்னர் களாவாக நிறைவேற்றலாம். பிள்ளையின் உயிருக்குக் களா கிடையாது.

இரத்தம் கண்டால்

இந்த மாதங்களில் இரத்தம் கண்ட பெண் முதலில் கேட்பது, "நான் தொழலாமா?" என்பதே. அவளுடைய மார்க்கப் பேணுதல் பாராட்டத்தக்கது. ஆனால் அவளும் அவள் வீட்டாரும் அப்போது முதலில் செய்ய வேண்டியது மருத்துவமனைக்குப் புறப்படுவதாகும். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தாலோ, பிள்ளை பிறக்குமுன்பே பிரிந்துவிட்டாலோ இரத்தம் வரும். வலி இல்லாமலும் வரும். வெளியே சிறிதளவு தெரிந்து உள்ளே பெருமளவு தேங்கியும் இருக்கும். தாயும் பிள்ளையும் ஒருசேர ஆபத்துக்குள்ளாகும் நேரம் அது.

சட்டத்தை வழியில் சிந்திக்கலாம். ஹனஃபீ மத்ஹபில் கர்ப்பிணிக்கு வரும் இரத்தம் ஹைளு ஆகாது, அது இஸ்திஹாளாவே. எனவே தொழுகை கடமையாக இருக்கும். ஷாஃபியீ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, ஹைளின் நிபந்தனைகள் பொருந்தினால் கர்ப்பிணியின் இரத்தமும் ஹைளாகலாம். பேறுகாலத் தொடக்காகிய நிஃபாஸோ பிள்ளை பிறந்தபின்பே ஆரம்பமாகிறது. அதுபோலப் பனிக்குடம் உடைந்து நீர் வந்தால் ஒளு முறியுமே தவிர அது நிஃபாஸாகாது. ஆனால் பனிக்குடம் உடைந்தவுடனும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் உள்ளே கிருமி ஏறும்.

தொழுகை நேரத்துக்கும் உயிருக்கும் இடையே நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்பதை இமாம்கள் எப்போதோ ஆராய்ந்துவிட்டார்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, தான் தொழச் சென்றால் பிள்ளை இறந்துவிடும் என்று அஞ்சினால் தொழுகையை நேரம் கடந்தும் பிற்படுத்தலாம் என்று ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மருத்துவச்சிக்கே இப்படியென்றால் ஆபத்திலிருக்கும் தாயை வண்டியில் ஏற்ற, "தொழுதுவிட்டுப் போகலாம்" என்று காத்திருப்பது எந்த மார்க்கத்தைச் சேர்ந்தது?

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. இப்பக்கத்தைக் கிழித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்.

1. எந்த அளவானாலும் இரத்தப்போக்கு.

2. தண்ணீர் போல நீர் வடிதல்.

3. கடுமையான தலைவலி, கண் மங்கல், கண்முன் பொறி பறத்தல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல். இவை இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளங்கள். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

4. வலிப்பு.

5. பிள்ளையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்.

6. 37 வாரம் நிறையுமுன் ஒழுங்காக விட்டுவிட்டு வரும் வலி.

7. காய்ச்சல், நடுக்கம், தாங்க முடியாத வயிற்று வலி, படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறல்.

8. உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் கடுமையாகும் அரிப்பு. இது ஈரலின் கோளாறாக இருக்கலாம்.

இவற்றில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிக்குக் கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, நினைவு தப்பினால் சில வீடுகளில் ஜின் தீண்டிவிட்டது, கண்ணேறு பட்டுவிட்டது என்று ஓதிப் பார்க்க ஆள் தேடி ஓடுகிறார்கள். அது சூல்வலிப்பு என்ற நோய். உயர்ந்த இரத்த அழுத்தத்தால் மூளை பாதிக்கப்பட்டு வருவது. அதற்கு மெக்னீசியம் சல்பேட் என்ற ஊசி மருந்து உண்டு. அதை உரிய நேரத்தில் போட்டால் அடுத்த வலிப்பைத் தடுக்கலாம். வலிப்பு வந்தவளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ, கரண்டியோ, எதுவுமோ வைக்காதீர்கள். வண்டியை அழையுங்கள். ஓத விரும்பினால் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டே செல்லுங்கள். ஷிஃபாவைத் தருபவன் அல்லாஹ். அந்த ஷிஃபாவுக்கு மருந்தை வழியாக்கியவனும் அவனே.

அடுத்தது பிள்ளையின் அசைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழக்கம் உண்டு. சில இரவில் துள்ளும். சில சாப்பாட்டுக்குப் பின் துள்ளும். அந்த வழக்கத்தைத் தாய் 28-ஆம் வாரத்திலிருந்து கவனித்து வர வேண்டும். "கடைசி மாதங்களில் இடம் பற்றாததால் பிள்ளை அசையாது" என்று மூத்தவர்கள் சொல்வது தவறு. அசையும் விதம் மாறலாம். அசைவு குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து இரண்டு மணி நேரம் மனத்தைச் செலுத்தி எண்ணுங்கள். பத்து அசைவுகள் தெரியாவிட்டால் அன்றே, அப்பொழுதே செல்லுங்கள். போய்ப் பார்த்தபின் ஒன்றுமில்லை என்று சொன்னால் வெட்கப்பட வேண்டாம். அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்லித் திரும்பி வாருங்கள்.

முன்கூட்டியே செல்வதால் இன்னொரு பயனும் உண்டு. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடும் எனத் தெரிந்தால், பிள்ளையின் நுரையீரலை வலுப்படுத்தத் தாய்க்கு ஊசி போடுகிறார்கள். அது வேலை செய்யச் சில மணி நேரமாவது வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு கடைசி நேரத்தில் வருபவளுக்கு அந்த ஊசியால் பயன் கிடைப்பதில்லை.

வீட்டார் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

நம் வீடுகளில் பல கணவன்மார் வளைகுடா நாடுகளிலும் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில், "மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்" என்று தொலைபேசியில் முயன்றுகொண்டே இருப்பார்கள். அவர் வேலையில் இருப்பார்; எடுக்க மாட்டார். இரண்டு மணி நேரம் போய்விடும். இதற்கு மருந்து ஏழாம் மாதத்திலேயே இருக்கிறது. கணவர் தம் மனைவிக்கும், தம் வாப்பா உம்மாவுக்கும், மாமனார் மாமியாருக்கும் இன்றே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "ஆபத்து என்றால் என்னைக் கேட்க வேண்டாம், கொண்டு போய்விட்டுச் சொல்லுங்கள்." மருத்துவமனையில் அறுவை செய்ய நேர்ந்தால், வயது வந்த பெண்ணின் சொந்தச் சம்மதமே செல்லும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பெண் மருத்துவரையே நாடுவது நம் கடமை. சாதாரணப் பரிசோதனைகளுக்கு அவரிடமே செல்லுங்கள். ஆனால் நெருக்கடி நேரத்தில் பெண் மருத்துவர் இல்லையென்றால், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்த்துச் சிகிச்சையளிக்க எல்லா மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு. ஹயாவைக் காப்பதற்காக உயிரை இழக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 108-ஐயும், இலங்கையில் 1990-ஐயும் அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அது வரத் தாமதமானால் அழைக்க, தெருவில் வண்டி வைத்திருக்கும் இருவரின் எண்களை எழுதி வையுங்கள். பெண்ணின் இரத்த வகையை அறிந்து, அதே வகை உள்ள இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். அவளுடைய இரத்தம் நெகடிவ் வகை என்றால் 28-ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், அறுவைச் சிகிச்சையும், மருந்தும் 2011 முதல் ஒரு மத்தியத் திட்டத்தின்கீழ் இலவசம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்று சிறப்புப் பரிசோதனையும் 2016 முதல் நடைபெறுகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி 30, 34, 36, 38, 40 ஆகிய வாரங்களில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தம் பார்த்தார்களா, சிறுநீர் பார்த்தார்களா என்று கவனியுங்கள். சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் ஆகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்கு ஊர் வர நினைப்பவர்கள் விரைந்து முடிவு செய்யட்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பின் மருத்துவச் சான்று கேட்கின்றன. 36 வாரத்துக்குப் பின் ஏற்றுவதில்லை.

உணவும் மாத்திரையும்

"அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்று உணவைக் குறைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. இது தாய்க்கும் பிள்ளைக்கும் செய்யும் அநீதி. வயிறு இடம் கொடுக்காததால் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்ணட்டும். முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் எல்லாம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதைத் தேநீரோடும் பாலோடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு நல்ல துணை. சாப்பாடு முடிந்ததும் தேநீர் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். மலம் கறுத்துப் போவது மாத்திரையால்தான், அஞ்ச வேண்டாம்.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தின் அடியில் இருந்தபோது, அதன் கனிகளை உண்ணவும் நீர் அருந்தவும் அறிவுறுத்தப்பட்டார்கள் என்பது குர்ஆன் கூறும் வரலாறு. யோர்தானில் நடந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேறுகாலத்துக்கு முந்திய நான்கு வாரங்கள் நாளொன்றுக்கு ஆறு பேரீச்சம் பழம் உண்ட பெண்களுக்குப் பிரசவ வலியின் தொடக்கக் கட்டம் குறுகியிருந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் 36-ஆம் வாரத்திலிருந்து உண்டு வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

முடிவாக

சகோதரிகளே! அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதுதான். உட்கார்ந்து தொழும் கர்ப்பிணியைப் பார்த்து, "நாங்களெல்லாம் பத்தாம் மாதம்வரை நின்று தொழுதோம்" என்று பெருமை பேசாதீர்கள். அவளுக்கு ஒளுத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். நோன்பைத் திறந்த மருமகளுக்கு மறைவிடம் தேட விடாதீர்கள். மாமியே சோறு போட்டுக் கொடுக்கட்டும். சகோதரர்களே! வண்டி, பணம், இரத்தம், அனுமதி ஆகிய நான்கையும் இந்த வாரத்திலேயே ஆயத்தப்படுத்தி வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்ட உம்மத் அல்லவா நாம்!

கருவுற்றிருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் இலேசான பிரசவத்தையும், ஸாலிஹான பிள்ளைகளையும், பூரண ஆரோக்கியத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.